ரோமில் முதல் நாள்: கொலோசியம், வாட்டிகன் இரண்டையும் இறங்கிய அன்றே பார்க்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுச் சுற்றுலா. இந்தியாவிலிருந்து இரவு விமானம் ஏறி, காலை 7.15க்கு ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். நான்கு இரவு தங்கல். ஹோட்டல் டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அறை பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும். "ஒரு நாள்கூட வீணாகக் கூடாது, 11 மணிக்குக் கொலோசியம், 3 மணிக்கு வாட்டிகன் மியூசியம் என்று டிக்கெட் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு யோசனையாக இருக்கிறது. நான் சைவம் வேறு. என்ன செய்யலாம்?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

முடியுமா என்றால் முடியும். ஆனால் போடாதீர்கள். முதல் நாளுக்கு நேரம் குறித்த டிக்கெட் ஒன்றுகூட வேண்டாம். உங்கள் கணவர் கேட்பது நியாயம்தான். இவ்வளவு செலவழித்துப் போய் ஒரு நாளைத் தூங்கிக் கழிக்க யாருக்கு மனசு வரும்? நான் சொல்வதும் தூங்கிக் கழிக்கச் சொல்லி அல்ல. அந்த இரண்டு டிக்கெட்டையும் அடுத்த நாட்களின் காலைக்கு மாற்றினால் அதே நான்கு நாளில் கூடுதலாகவே பார்க்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கொலோசியம். அதன் டிக்கெட் பெயர் போட்டு வருவது. வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். உள்ளே நுழைய வேண்டிய நேரமும் அதிலேயே இருக்கும். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் பணம் போனது போனதுதான். விமானம் சரியான நேரத்துக்கே வந்தாலும், குடியேற்ற வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025 அக்டோபரில், ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் புதிய நுழைவுப் பதிவு முறை தொடங்கியது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகத்தைப் படம்பிடித்துக் கணினியில் பதிவு செய்கிறார்கள். முதல் முறை வருகிறவருக்குத்தான் இதில் அதிக நேரம் பிடிக்கும், நீங்கள் இருவருமே முதல் முறை. 11 மணி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால் சுற்றுலா வந்தவர்கள் மாதிரியே இருக்காது.

அடுத்தது உடம்பு. கோடையில் ரோம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். வாட்டிகன் மியூசியத்துக்கு 3 மணிக்கு நுழைந்தால் கூட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து சிஸ்டைன் சேப்பலுக்கு வர 5 மணி ஆகிவிடும். உங்கள் உடம்புக் கணக்கில் அது இரவு எட்டரை. அதுவும் முந்தைய இரவு விமான நாற்காலியில் அரைத் தூக்கம் தூங்கியவருக்கு. அந்தத் தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோ ஓவியம் வரைந்தது ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூரையில். கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். உட்கார ஓரத்துப் பலகைகள்தான், அவை எப்போதும் நிரம்பியிருக்கும். படம் எடுக்கவும் கூடாது. இதற்காகவே ரோமுக்கு வருகிறவர்கள் உண்டு. அதைக் கண் சொக்கிக்கொண்டு பார்ப்பதில் என்ன இருக்கிறது?

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மேற்கே போகும்போது நாள் நீள்கிறது. நாளை நீட்டினால் உடம்பு பொறுத்துக்கொள்ளும், சுருக்கினால்தான் முரண்டு பிடிக்கும். அதனால் போகும்போது பெரிய தொல்லை இல்லை, ஊர் திரும்பிய பிறகுதான் இரண்டு மூன்று நாள் தலை கிறுகிறுக்கும். ரோமில் நடக்கப்போவது இதுதான்: மாலை ஆறு மணிக்கே தூக்கம் வரும், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வரும். தினமும் காலை ஆறு மணிக்கு எழுகிறவருக்குக் கோடையில் ரோம் நேரம் இரண்டரைக்கே கண் திறந்துவிடும். முதல் நாள் மாலையில் வெளிச்சத்தில், திறந்த வெளியில், நடந்துகொண்டு இருந்தால் உடம்புக் கடிகாரம் சீக்கிரம் பின்னால் நகரும். அதாவது மாலை நடை என்பது வேடிக்கைக்கு மட்டுமல்ல, மருந்தும் அதுதான். ஜூனில் போனால் சூரியன் மறைய இரவு 8.45 ஆகும், வசதி. டிசம்பரில் 4.40க்கே இருட்டிவிடும், அப்போது நடையை ஒரு மணி நேரம் முன்னால் தொடங்குங்கள்.

இனி அன்றைய நாளை வரிசையாகப் பார்ப்போம்.

விமான நிலையத்தில் ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் இருவரும் தனித்தனியாகக் காகிதத்தில் வைத்திருங்கள். ஒருவர் போனில் மட்டும் இருந்து, அந்தப் போனில் சார்ஜும் இல்லாமல், அவர் வரிசையில் முன்னால் போய்விட்டால் வீண் பதற்றம். ரோமிங் பேக்கோ இ-சிம்மோ இருவர் போனிலும் இருக்கட்டும். ஒருவருக்குப் போட்டால் போதும் என்று மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

வெளியே வந்ததும் "டாக்ஸி, டாக்ஸி" என்று உள்ளேயே வந்து கூப்பிடுகிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல் நடங்கள். முறையான டாக்ஸி வெள்ளை நிறம், வெளியே வரிசையில் நிற்கும். பழைய ரோமாபுரி மதில்களுக்கு உட்பட்ட பகுதிக்கு விமான நிலையத்திலிருந்து நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஆனால் உங்கள் ஹோட்டல் டெர்மினி பக்கத்தில் என்பதால் ரயில்தான் சரி. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் டெர்மினிக்குப் போய்விடும். ஆளுக்கு 14 யூரோ. அதே நிலையத்திலிருந்து 8 யூரோவுக்கு இன்னொரு ரயிலும் கிளம்பும். அது டெர்மினிக்குப் போகாது, டிராஸ்டெவெரே, ஒஸ்டியன்ஸே வழியாக வேறு பக்கம் போகும். விலையைப் பார்த்து மாறி ஏறாதீர்கள். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட் இல்லாததற்குச் சமம், அபராதம் போடுவார்கள்.

பணம் எடுக்க வங்கிக் கட்டடத்தில் பதித்த ஏடிஎம்மாகப் பாருங்கள்; சுற்றுலா இடங்களில் தனியாக நிற்கும் வண்ண வண்ண இயந்திரங்கள் வேண்டாம். எந்த இயந்திரமானாலும், "உங்கள் ரூபாயிலேயே கணக்கிட்டுக்கொள்ளலாமா?" என்று திரையில் கேட்கும். கரிசனமாகக் கேட்பதுபோல இருக்கும், ஆனால் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில். இருவர் கார்டும் ஒரே பையில் இருக்க வேண்டாம்.

டெர்மினியிலும், அங்கிருந்து கிளம்பும் மெட்ரோ ஏ தடத்திலும், வாட்டிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸிலும் ஜேப்படிக்காரர்கள் தொழில் சுத்தமாகச் செய்வார்கள். பெட்டியோடு, தூக்கக் கலக்கத்தோடு, போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற புதுத் தம்பதியைவிட அவர்களுக்கு நல்ல கிராக்கி கிடையாது. பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குமேல் பயந்து சாக வேண்டியதில்லை. ஆளை அடித்துப் பறிக்கிற ஊர் இல்லை அது.

ஹோட்டலுக்கு பத்து, பத்தேகாலுக்குப் போய்ச் சேர்வீர்கள். அறை இல்லாவிட்டாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் காசு கேட்பதில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். தங்குகிறவர்களின் விவரத்தைப் போலீசுக்கு அனுப்புவது அங்கே சட்டம். பார்த்துப் பதிந்துகொண்டு திருப்பித் தந்துவிடுவார்கள். அறை வாடகைக்கு மேல் நகர வரி என்று ஒன்று உண்டு: மூன்று நட்சத்திர ஹோட்டல் என்றால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 7.50. இணையத்தில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இதைத் தனியாகத்தான் கேட்பார்கள்; ஏமாற்று அல்ல. "அறை சீக்கிரம் தயாரானால் போன் செய்ய முடியுமா?" என்று முகம் பார்த்துக் கேட்டு வையுங்கள். பல சமயம் ஒரு மணிக்கே கிடைத்துவிடும். ஒரு செட் மாற்றுத்துணி, பிரஷ், முகம் துடைக்கும் ஈரத்தாள் இவற்றைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருந்தால், ஹோட்டல் கழிவறையிலேயே ஆளே மாறிவிடலாம்.

பிறகு காப்பி. தெருமுனைக் காப்பிக்கடையில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை; பேர்போன சதுக்கங்களில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கூட்டமான கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டை எடுத்துவந்து மேடையில் வைத்துக் கேட்க வேண்டும். முதல் தடவை இது புரியாமல் மேடைக்கு முன்னால் நின்று யாரும் கவனிக்கவில்லையே என்று நினைப்பது சகஜம்.

காலை வேளைக்கு ஒரே ஓர் இடம் சொல்கிறேன்: சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயம். டெர்மினியிலிருந்து பத்து நிமிட நடை. காசில்லை, டிக்கெட் இல்லை, வாசலில் பாதுகாப்புச் சோதனை மட்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் பதித்த கண்ணாடிக்கல் ஓவியங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் மறைந்த போப் பிரான்சிஸின் கல்லறை இங்கேதான். வெறும் கல், மேலே அவர் பெயர் லத்தீனில் ஒரே சொல்லாக, அவ்வளவுதான். அதைப் பார்க்கத் தனி வரிசை இருக்கும். வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து தங்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். வேறு எங்கும் அலைய வேண்டாம். ரோமின் சின்ன தேவாலயங்கள் பல, பகல் பன்னிரண்டரைக்குப் பூட்டி மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் சுற்றினால் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், நீங்கள் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே. இத்தாலியில் சைவம் எளிது. ஆனால் ரோம் நகரத்துக்கென்று உள்ள பாஸ்தா வகைகளில் பொறி இருக்கிறது. கார்பொனாரா, அமாத்ரிசியானா, கிரிச்சியா மூன்றிலும் பன்றிக் கன்னக் கொழுப்பு உண்டு. அமாத்ரிசியானா பார்க்க வெறும் தக்காளி பாஸ்தா மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். பூசணிப்பூ பஜ்ஜி என்று ஆசையாக வாங்குவீர்கள். உள்ளே சீஸோடு நெத்திலி மீன் வைத்திருப்பார்கள். சுப்ளி என்கிற சோற்று உருண்டையில் பெரும்பாலும் கறிக்குழம்பு. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் என்றால் கச்சோ எ பெபே: செம்மறி ஆட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டும். அந்த சீஸைத் தோய்க்கக் ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றைப் பயன்படுத்துவார்கள். அதுவும் ஆகாது என்கிற கண்டிப்பான சைவமானால் மரினாரா பீட்சா, தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய் மட்டும். சீஸே கிடையாது. "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்று சொன்னால் கறி, மீன் இரண்டும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள்.

மிளகு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த ஊருக்கு மிளகு போனதே நம் பக்கத்திலிருந்துதான். முசிறித் துறையிலிருந்து கப்பல் கப்பலாகப் போன மிளகை வைக்க, டொமிஷியன் பேரரசர் ரோமானிய மன்றத்தை (ரோமன் ஃபோரம்) ஒட்டிக் கிடங்கே கட்டினார். பின்னால் அதன்மேல் எழுந்த மாக்சென்ஷியஸ் மண்டபத்தின் மூன்று பிரம்மாண்ட வளைவுகளைக் கொலோசியம் போகிற அன்று கட்டாயம் பார்ப்பீர்கள். அதன் அடியில் நம் மிளகுக் கிடங்கின் மிச்சம் இருக்கிறது.

மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை, மூன்று வரை. அதற்குப் பிறகு சமையலறையை மூடிவிடுவார்கள். இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறப்பார்கள். உங்கள் வயிற்றுக்கோ மாலை ஐந்து மணிக்கே இரவு எட்டரை ஆகி, பசி எடுத்துவிடும். முதல் நாளில் தம்பதிகளைப் படுத்துகிற இடைவெளி இதுதான். எடை போட்டு வெட்டித் தரும் பீட்சாக் கடைகள் மட்டும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஆளுக்கு ஒரு துண்டு நாலரை மணிக்கு உள்ளே போய்விட வேண்டும்.

அறை கிடைத்ததும் குளித்துவிட்டு அரை மணி நேரம் மட்டும் படுங்கள். அலாரத்தைக் கட்டில் பக்கத்தில் வைக்காமல் குளியலறையில் வையுங்கள், இருவர் போனிலும். "இன்னும் பத்து நிமிஷம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் சேர்ந்துகொள்ளக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு விழித்து, இருட்டிய அறையில் தலைவலியோடு உட்கார்ந்திருப்பதற்கு இந்தப் பத்து நிமிஷம்தான் காரணம். இரவு பன்னிரண்டுக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பதற்கும் அதுவே காரணம்.

மாலை நடையைத்தான் நான் முதல் நாளின் முக்கிய வேலையாக வைப்பேன். டெர்மினியில் மெட்ரோ ஏ ஏறி ஸ்பான்யா நிலையத்தில் இறங்குங்கள். டிக்கெட் 1.50 யூரோ. வாசலில் நம் கிரெடிட் கார்டைத் தட்டியே உள்ளே போகலாம். ஆளுக்கு ஒரு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நவோனா சதுக்கம் வரை சுமார் 2 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் அதிகமில்லை. தரை மட்டும் மோசம்: கருங்கல் கட்டிகளைப் பதித்த தெரு, குதிகால் உயர்ந்த செருப்பு உடனே மாட்டிக்கொள்ளும். புகைப்படத்துக்கு என்று புதுச் செருப்பு எடுத்து வைத்திருந்தால் இன்று வேண்டாம்.

இந்த நடையைத் தண்ணீர் வழி நடை என்று வைத்துக்கொள்ளலாம். கி.மு. 19இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா, ரோமுக்கு வெளியே இருக்கும் ஊற்றுகளிலிருந்து பெரும்பாலும் நிலத்தடியிலேயே ஒரு கால்வாய் கொண்டுவந்தார். இடையில் பழுதாகி, செப்பனிட்டு, புதுக் குழாய் போட்டு, இன்றுவரை அந்த வழி ஓடுகிறது. ஸ்பானிஷ் படிக்கட்டின் அடியில் ஒரு கல் படகு பாதி முழுகிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். 1620களின் கடைசியில் புகழ்பெற்ற சிற்பி பெர்னினியின் அப்பா பியெத்ரோ செய்தது. தண்ணீர் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்தம் குறைந்துவிடும், உயரப் பீய்ச்ச வழியில்லை. அதனால் தொட்டியையே தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, முழுகும் படகாக்கிவிட்டார். குறையை மறைக்கத் தெரிந்த கைகாரர். படிக்கட்டில் ஏறலாம், ஆனால் உட்காரக் கூடாது. 2019 முதல் தடை, விசில் ஊதி எழுப்புவார்கள், அபராதமும் உண்டு.

இங்கேதான் ரோஜாப்பூக்காரர் வருவார். உங்களிடம் பூவை நீட்டுவார், "பரிசு, பரிசு" என்பார். கையில் வாங்கிய அடுத்த நொடி உங்கள் கணவரிடம் காசு கேட்டு நிற்பார். மனைவி கையில் இருக்கும் பூவுக்குக் கணவர் பேரம் பேசுவாரா, பேசினால் நன்றாக இருக்குமா என்பதில்தான் அவர் வியாபாரம் நடக்கிறது. கையை நீட்டாமல் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். மணிக்கட்டில் கயிறு கட்ட வருகிறவருக்கும் இதேதான். நிஜமாகவே பூ வேண்டுமானால் கடையில் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது ட்ரெவி நீரூற்று, பத்து நிமிட நடை. அதே தண்ணீர்தான். 1732இல் நிக்கோலா சால்வி தொடங்கியது, அவர் இறந்த பிறகு 1762இல்தான் முடிந்தது. எல்லோரும் நடுவில் நிற்கும் கடல் தெய்வத்தைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் மேலே இருக்கும் இரண்டு புடைப்புச் சிற்பங்களைப் பாருங்கள்: ஒன்றில் அக்ரிப்பா கால்வாய்க் கட்டுமானத்தைப் பார்வையிடுகிறார், மற்றதில் ஒரு கன்னிப்பெண் தாகத்தோடு வந்த சிப்பாய்களுக்கு ஊற்றைக் காட்டுகிறாள். 2026 பிப்ரவரியிலிருந்து தொட்டிக்கு அருகில் இறங்கச் சுற்றுலாப் பயணிகளிடம் 2 யூரோ வாங்குகிறார்கள். மேலே சதுக்கத்தில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. முதல் நாள் மேலே நின்று பார்த்தால் போதும். காசு போடுவதென்றால் வலது கையால் இடது தோளுக்கு மேலே. அந்தக் காசையெல்லாம் வாரி எடுத்துக் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரிதாஸுக்குக் கொடுக்கிறார்கள்.

தாகம் எடுத்தால் பாட்டில் வாங்காதீர்கள். தெருவோரத்தில் இடுப்பளவு உயரத்தில் சாம்பல் நிற இரும்புத் தூண் ஒன்று, வளைந்த குழாயிலிருந்து இடைவிடாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். 1870களிலிருந்து நிற்பவை; ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கு மேல். குழாயின் வாயை விரலால் அடைத்தால், வளைவின் மேல்பக்கம் இருக்கும் பொத்தலிலிருந்து தண்ணீர் வில்லாகப் பீய்ச்சும். குனிந்து அப்படியே குடிக்கலாம். அழுத்தி அடைத்தால் சட்டை நனையும், லேசாக அடையுங்கள். கோடையில்கூடச் சில்லென்று இருக்கும், நல்ல குடிநீர்.

ட்ரெவியிலிருந்து பாந்தியனுக்குப் போகும் வழியில் சாந்த் இக்னாசியோ தேவாலயம். உள்ளே தரையில் ஒரு மஞ்சள் பளிங்கு வட்டம் இருக்கும். அதன்மேல் நின்று அண்ணாந்தால் கூரை திறந்து வானத்துக்குப் போவதுபோலத் தெரியும். கொஞ்சம் தள்ளி நடந்தால் குவிமாடம் போலத் தெரிந்தது வெறும் தட்டைத் துணி ஓவியம் என்று புரியும். குவிமாடம் கட்டப் பணமில்லாததால் ஆண்ட்ரியா பொஸ்ஸோ 1685இல் வரைந்து ஒட்டியது என்று சொல்வார்கள். சோர்ந்த கண்ணுக்குக்கூட இது பிடிக்கும், ஐந்து நிமிடம் போதும்.

பாந்தியன் முகப்பில் பெரிய எழுத்தில் அக்ரிப்பாவின் பெயர்தான் இருக்கிறது. மூன்றாம் முறை தலைமைப் பதவியில் இருந்தபோது அவர் கட்டியது என்று எழுதியிருக்கும். ஆனால் அவர் கட்டிய கோயில் எரிந்துபோய்விட்டது. இப்போது நிற்பது ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே விட்டுவைத்திருக்கிறார். உள்ளே போக 5 யூரோ. முதல் நாள் உள்ளே போக வேண்டாம் என்பது என் யோசனை. மாலை ஆறரையோடு உள்ளே விடுவதும் நின்றுவிடும். 43 மீட்டர் அகலமான குவிமாடத்தின் உச்சியில் ஒன்பது மீட்டர் அகலத் திறப்பு, அதன் வழியாக விழும் வெயில் வட்டம் உள்ளே நகர்வதைப் பார்க்க நடுப்பகல்தான் நேரம். வேறு ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு வாருங்கள். இன்றைக்கு வெளியே, அந்தக் கருங்கல் தூண் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போனால் போதும். எகிப்திலிருந்து ஒரே கல்லாக வந்தவை, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 12 மீட்டர்.

கடைசியாக நவோனா சதுக்கம். நீளவாக்கில் இருக்கிறதே, அது டொமிஷியனின் ஓட்டப்பந்தய மைதானம் இருந்த இடம். நடுவில் பெர்னினி 1651இல் முடித்த நான்கு ஆறுகளின் நீரூற்று. நைல், டான்யூப், தென் அமெரிக்காவின் லா பிளாட்டா, நான்காவது நம் கங்கை. நாம் தாயாகப் பார்க்கிற கங்கையை அவர்கள் தாடி வைத்த ஆணாகச் செதுக்கி, கையில் துடுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். படகு போகும் பெரிய ஆறு என்பதற்கு அடையாளம். நைல் தலையை முக்காடிட்டிருக்கும், அதன் ஊற்றுக்கண் அப்போது யாருக்கும் தெரியாததால். சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் உணவகங்களில் உட்காராமல் இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போனால் ஏழரைக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும். பில்லில் ரொட்டிக்கென்று ஒன்றிரண்டு யூரோ போட்டிருந்தால், நீங்கள் கேட்காமல் மேசையில் வைத்த கூடைக்கான கணக்கு அது. வேண்டாமென்றால் வைத்தவுடனே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒரு விஷயம் இருவருக்கும். முதல் நாள் மாலையில் ஏதாவது ஒரு முச்சந்தியில் சண்டை வரும். மேப்பில் நீலப் புள்ளி ஒரு பக்கம் காட்டும், தெரு வேறு பக்கம் போகும், ஒருவர் "அப்பவே சொன்னேன்" என்பார். ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறவன் நான். இது நடக்காத ஜோடியைப் பார்த்ததில்லை. பசியும் தூக்கமும் போடுகிற சண்டை அது, அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். வழி பார்ப்பது ஒருவர், காசு கொடுப்பது மற்றவர் என்று காலையிலேயே பிரித்துக்கொண்டு, மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். மெட்ரோவில் ஒருவர் ஏறி மற்றவர் ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே நிற்க வேண்டும், விடுபட்டவர் அடுத்த வண்டியில் வந்து சேர வேண்டும். இருவருமே ஒருவரையொருவர் தேடி எதிரெதிராகப் போகக் கூடாது. இதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஒன்பதரை வரை தாக்குப்பிடித்துவிட்டுப் படுங்கள். விடியற்காலை மூன்றரை, நாலுக்கு விழிப்பு வந்தால் போனை நோண்டாமல் கிடந்து, ஐந்துக்கு எழுந்து கிளம்புங்கள். வாட்டிகனில் இருக்கும் புனித பேதுரு பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கும். பத்து மணிக்குச் சதுக்கத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் வரிசை ஏழு மணிக்கு அனேகமாக இருக்காது. மைக்கேலாஞ்சலோவின் பியேத்தா சிலைக்கு முன்னால் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அதே காலையில் மியூசியத்துக்கு முதல் நேரத்து டிக்கெட்டைப் போட்டு வையுங்கள். கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மியூசியம் மூடியிருக்கும், நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலை கொலோசியமும் மன்றமும். டிக்கெட் 30 நாளுக்கு முன்னால்தான் விற்பனைக்கு வரும். காலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் திறக்கிற அன்றே வாங்குங்கள். உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: முதல் நாள் மதியத்தை விட்டுக் கொடுத்தால், மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டு காலைகள் கிடைக்கின்றன.

விமானம் தாமதமாகி ஹோட்டலுக்கே மூன்று மணிக்குத்தான் வந்தீர்களென்றால் பேராலயத்தையும் தூக்கத்தையும் விட்டுவிடுங்கள். குளித்து, ஒரு துண்டு பீட்சா சாப்பிட்டு, நேராக ஸ்பான்யாவுக்குப் போய் நடையைத் தொடங்குங்கள். மழை பெய்தால் குடையை வெளியே வாங்காமல் ஹோட்டலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழைத்துளி விழுந்த உடனே தெருவில் விற்கவருகிற குடைகள் பாந்தியன் வரைகூடத் தாங்காது.